ஒரே காலண்டர், மூன்று ஜெபக்குறிப்பு

மூன்று ஞாயிறுக்கு முன்னால், காலை ஒன்பதே முக்கால் மணிக்கு, கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் சபையின் நடுவே என் மானம் போனது. சும்மா போகவில்லை... மைக் வைத்துப் போனது.

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு வாரம் யோசித்தேன். "எழுதுங்கப்பா. சபையில நூத்தம்பது பேருக்குத் தெரிஞ்சாச்சு. இனிமே யாருக்குத் தெரிஞ்சா என்ன?" என்று என் மகள் பிரிசியே அனுமதி கொடுத்துவிட்டாள். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் சபை ஒரு ஃபர்னிச்சர் கடையின் மாடியில் நடக்கிறது. படியேறியதும் ஒரு மரப்பெட்டி இருக்கும். ஜெபக்குறிப்புப் பெட்டி. யாருக்கு என்ன வேண்டுமோ ஒரு சீட்டில் எழுதிப் போடலாம். பெயர் எழுத வேண்டாம். ஆராதனையில் பாஸ்டர் ஒவ்வொன்றாக எடுத்து வாசிப்பார், சபை "ஆமென்" சொல்லும். மூட்டுவலி, விசா, வரன், வீட்டுக்காரரின் மனமாற்றம் — எல்லாம் வரும். பெயர் இல்லாவிட்டாலும் எது யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் தெரியாத மாதிரி கண்ணை மூடிக்கொள்வோம். அது எங்கள் சபை நாகரிகம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

பிரிசி மெக்கானிக்கல் என்ஜினீயரிங் முடித்திருக்கிறாள். கேம்பஸ் இன்டர்வியூவில் சிறுசேரி சாஃப்ட்வேர் கம்பெனி ஒன்று அவளை எடுத்துக்கொண்டது. மெக்கானிக்கல் படித்த பெண்ணுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்காதீர்கள். இப்போதெல்லாம் அவர்கள் யாரைத்தான் விட்டுவைக்கிறார்கள்? தெருமுனைக்கே ஏசி பஸ் வரும். கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு அட்டை கொடுப்பார்கள். ஒரு தகப்பனுக்கு வேறு என்ன வேண்டும்?

அடுத்த ஞாயிறே எழுந்து நின்று சாட்சி சொல்லிவிட்டேன். சாட்சி என்றால், கர்த்தர் நமக்குச் செய்த நன்மையைச் சபைக்குச் சொல்வது. என் சாட்சியில் கர்த்தர் இரண்டு நிமிடம் வந்தார். சிறுசேரி எட்டு நிமிடம் வந்தது.

அந்தச் சூடு ஆறுவதற்குள் பிரிசி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்கிற ஒரு ஃபேக்டரியிலிருந்தும் அவளுக்கு வேலைக்கான ஆர்டர் வந்திருந்தது. அதற்குத்தான் போவாளாம். ஷிஃப்ட் வேலை. நீல யூனிஃபார்ம். இரும்பு வைத்த ஷூ.

"ஏம்மா, ஏசில உக்காந்து வேலை பாக்கக் கசக்குதா?"

"நான் படிச்சது மெஷின்பா."

"அது வேற சீட் கிடைக்காம எடுத்தது."

"அப்படியா? நாலு வருஷம் முன்னாடி மெக்கானிக்கல்தான் தேவ சித்தம்னு சாட்சி சொன்னீங்களே. இப்ப கர்த்தர் மனசை மாத்திக்கிட்டாரா?"

உண்மை என்னவென்றால், கம்ப்யூட்டர் சயின்ஸுக்குத்தான் நாயாக அலைந்தேன். கிடைக்கவில்லை. மெக்கானிக்கல் கிடைத்தது. உடனே அது தேவ சித்தமாகிவிட்டது. நீங்களும் கவனித்திருப்பீர்கள்... கேட்டது கிடைத்தால் ஜெபத்துக்குப் பதில். கிடைக்காவிட்டால் தேவ சித்தம். பாவம், எந்தப் பக்கம் போனாலும் கர்த்தரால் நம்மிடமிருந்து தப்பிக்க முடியாது.

அன்றோடு எங்கள் பேச்சு நின்றது. பதினோரு நாள். "எஸ்தர், அவளை ஃபேனை நிறுத்தச் சொல்லு." "அம்மா, நிறுத்தியாச்சுன்னு சொல்லு." மூவரும் இருப்பது ஒரே ஹாலில். நடுவில் என் மனைவி எஸ்தர் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மாதிரி உட்கார்ந்திருந்தாள். சிறுசேரிக்கு மாதக் கடைசிக்குள் பதில் அனுப்ப வேண்டும். நாள் ஓடிக்கொண்டிருந்தது.

நான் ஜெபிக்காமல் இல்லை. தினமும் காலையில் முழங்காலில்தான் இருந்தேன். "ஆண்டவரே, உம்முடைய சித்தப்படியே பிள்ளையை நடத்தும். ஆனால் சிறுசேரி வழியாக நடத்தும்."

இது முப்பது வருஷ அரசாங்க உத்தியோகத்தின் பழக்கம். எங்கள் ஆபீஸில் நோட் எழுதுவது நான், ஃபைல் கட்டுவது நான், முடிவும் என்னுடையதுதான். அதிகாரி கையெழுத்து மட்டும் போடுவார். கர்த்தரையும் அதே நாற்காலியில்தான் உட்கார வைத்திருந்தேன். கையெழுத்துப் போடத் தாமதமானால் உள்ளே போய் நினைவூட்டுவேன். அதற்குப் பெயர் உபவாச ஜெபம்.

அந்த வாரம்தான் சமையலறைக் குழாய் ஒழுக ஆரம்பித்தது. பக்கத்துத் தெரு ஜமால் பாயின் ஹார்டுவேர் கடையில் வாஷர் ஸ்டாக் இல்லை. "வியாழக்கிழமை சரக்கு வந்துரும் சார், இன்ஷா அல்லாஹ்" என்றார். நான் திங்கள் போனேன். செவ்வாய் போனேன். புதன்கிழமையும் போய் எட்டிப் பார்த்தேன்.

"இன்னா சார் நீ? வியாழன்னு சொல்லிக்கீறேன்ல. நீ வந்து நின்னுகினு இருந்தா லாரி சீக்கிரம் வந்துடுமா?"

ஒரு வாஷருக்கே மூன்று நாள் காத்திருக்க முடியாதவன் நான். மகள் விஷயத்தில் சும்மா இருப்பேனா?

அதே பாய் வருஷா வருஷம் கொடுக்கும் தினசரி காலண்டர்தான் எங்கள் ஹாலில் தொங்குகிறது. முஸ்லிம் கடைக்காரர் கொடுத்தது, கிறிஸ்தவ வீட்டில் தொங்குவது, உள்ளே ராகு காலமும் ராசி பலனும். இதில் யாருக்கும் எந்தப் பிரச்சினையும் இல்லை. கிழித்த தாளின் பின்பக்கம் வெள்ளையாக இருக்கும், மளிகை லிஸ்ட் எழுத வசதி. புதன்கிழமைத் தாளை எடுத்தேன். "மகள் பிடிவாதத்தை விட்டு, தேவ சித்தமான சிறுசேரி வேலையில் சேர ஜெபிக்கவும்" என்று எழுதி, நான்காக மடித்து, ஞாயிறு காலை யாரும் பார்க்காத நேரம் பெட்டியில் போட்டேன். ஒரு சபையே ஆமென் சொன்ன பிறகு அவளால் மறுக்க முடியுமா? அதுதான் என் திட்டம்.

பாஸ்டர் என் சீட்டைப் பிரித்தார். கணீரென்று வாசித்தார். "ஆமென்" என்றது சபை. ஓரக்கண்ணால் பெண்கள் பக்கம் பார்த்தேன். பிரிசி கண்ணை மூடியிருந்தாள். சந்தோஷமாக நானும் மூடிக்கொண்டேன்.

அடுத்த சீட்டு.

"சிறுசேரிதான் தேவ சித்தம் என்று தாமே முடிவு செய்துவிட்ட தகப்பனார், கர்த்தரையும் ஒரு வார்த்தை பேசவிட ஜெபிக்கவும்."

சபை ஒரு கணம் தயங்கியது. இப்போதுதான் நேர் எதிரானதற்கு ஆமென் சொல்லியிருந்தார்கள். பழக்கம் விடுமா? "ஆமென்." முதலாவதைவிடச் சத்தம் கொஞ்சம் அதிகம் என்று எனக்குத் தோன்றியது. கண்ணைத் திறந்தேன். எல்லாத் தலையும் என் பக்கம்தான் திரும்பியிருந்தது. எங்கள் சபை நாகரிகம் அன்று லீவில் போயிருந்தது.

பாஸ்டர் இரண்டு தாளையும் திருப்பிப் பார்த்தார். ஒன்று புதன். ஒன்று வியாழன். மறுபடி பெட்டிக்குள் கையை விட்டார். வெளியே வந்தது வெள்ளி. அவர் பிரித்துப் பிடித்ததில், ராகு காலம் பத்தரை முதல் பன்னிரண்டு என்று இரண்டாவது வரிசையில் இருந்த எனக்கே தெரிந்தது.

"என் வீட்டில் இரண்டு பேரும் கர்த்தரோடு நன்றாகப் பேசுகிறார்கள். ஒருவரோடு ஒருவர் பேச ஜெபிக்கவும்."

எஸ்தரின் கையெழுத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. முதலில் எங்கிருந்தோ ஒரு சிரிப்பு. அப்புறம் எல்லோரும். பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதுக்குத் தனியா ஜெபம் தேவையில்ல பிரதர். ஆராதனை முடிஞ்சதும் ரெண்டு பேரும் கீழ போய் ஒரு டீ சாப்பிடுங்க."

போனோம். வேறு வழி? டீக்கடை வாசலில் ஆளுக்கொரு கிளாஸைப் பிடித்துக்கொண்டு, ரோட்டைப் பார்த்தபடி நின்றோம். பிரிசிதான் ஆரம்பித்தாள்.

"அந்த ஃபேக்டரின்னா ஏன்பா உங்களுக்கு அப்படி?"

ஏசி பஸ் என்று தொடங்கினேன். நிறுத்தினேன்.

"உங்க பெரியப்பா கையைப் பாத்திருக்கல்ல?"

என் அண்ணனுக்கு வலது கையில் மூன்று விரல்தான். பிரஸ் மெஷின் மற்றதை எடுத்துக்கொண்டது. அது பிரிசிக்குத் தெரியும். எனக்கு அப்போது பதினேழு வயது, சாப்பாடு கொடுக்கப் போனவன், கையைத் துண்டில் சுற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடியது நான்தான் — அது அவளுக்குத் தெரியாது. யாரிடமும் அதைப் பற்றி நான் பேசியதில்லை. அன்று சொன்னேன். அந்தத் துண்டின் நிறம் வரை சொன்னேன்.

அவள் டீயைக் குடிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இதை முதல் நாளே சொல்லியிருந்தா நான் கோவப்பட்டிருக்கவே மாட்டேன்பா." கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "கர்த்தர்கிட்டயாவது சொன்னீங்களா?" என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். இல்லை. காலை தவறாமல் முழங்கால் தேய ஜெபித்திருக்கிறேன். பயமாக இருக்கிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அவரிடமும் ஏசி பஸ்ஸைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"எனக்குப் போட்டிருக்கறது குவாலிட்டி செக்ஷன். அளவு பாக்கற வேலை" என்றாள். "ஆனா மெஷின் பக்கத்துலதான் நிக்கணும். ஒண்ணுமே ஆகாதுன்னு என்னால சொல்ல முடியாதுப்பா."

அந்தப் பொய்யை மட்டும் சொல்லியிருந்தாளானால் நான் சம்மதித்திருக்கவே மாட்டேன்.

"சரி, போ" என்றேன். சொன்னது வாய். மனசு அப்போதும் சம்மதிக்கவில்லை. சிறுசேரிக்கு வரவில்லை என்று அவள் எழுதிய கடிதத்தை நானே தபாலில் சேர்த்தேன். தபால் பெட்டிக்குள் போட்ட பிறகும் அதன் வாய்க்குள் கையை விட்டு ஒருமுறை துழாவிப் பார்த்தேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது பத்து நாளாகப் போய் வருகிறாள். விடிந்ததும் ஜிஎஸ்டி ரோட்டில் கம்பெனி பஸ் வரும் இடத்தில் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுகிறேன். அந்த ஷூவோடு அவள் பஸ் படியேறும்போது டக் டக்கென்று சத்தம் வரும். பஸ் போன பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்பேன். "ஆண்டவரே, பயமா இருக்கு. பாத்துக்கோங்க." அவ்வளவுதான். 'ஆனால்' என்ற வார்த்தை வராமல் நான் பண்ணுகிற ஜெபம், எனக்கு நினைவு தெரிந்து, இதுதான். மாலையில் அவள் வந்து ஷூவைக் கழற்றும்போது என் கண் முதலில் போவது அவள் விரல்களுக்கு. கர்த்தரிடம் ஒப்புக்கொடுத்துவிட்டால் பயம் போய்விடும் என்று யார் சொன்னார்கள்? என் விஷயத்தில் போகவில்லை. எண்ணிப் பார்க்கிறேன், பத்தும் இருக்கிறது, ஸ்தோத்திரம் சொல்கிறேன்.

போன ஞாயிறு மறுபடியும் பெட்டியில் ஒரு சீட்டுப் போட்டேன். காலண்டர் தாள்தான். நன்றாக யோசித்து, ஒரு எழுத்தும் எழுதாமல் மடித்துப் போட்டேன். இனி நோட்டும் அவரே எழுதட்டும், ஃபைலும் அவரே கட்டட்டும் என்று அர்த்தம். பாஸ்டர் பிரித்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். என்னைப் பார்த்து லேசாகச் சிரித்துவிட்டு, பைபிளுக்குள் வைத்துக்கொண்டார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்த வெள்ளைத் தாளைப் பற்றி அடுத்த வாரம் சொல்ல வேண்டிய சாட்சி மனதுக்குள் தானாகவே தயாராக ஆரம்பித்தது. எப்படியும் ஒரு எட்டு நிமிடம் வரும்.

ஆராதனை முடிந்து படியிறங்கும்போது எஸ்தர் பக்கத்தில் வந்தாள்.

"என்னங்க, பேனா எழுதலையா?"