முதலில் டீச்சரின் கை

ஞாயிற்றுக்கிழமை காலை கஸ்தூரி போன் செய்தாள். "டீச்சர், நம்ம ரெஜினா டீச்சர் பூட்டாங்க. நீங்க ஆட்டோ தேடாதீங்க, நானே வந்து இட்டுகினு போறேன்" என்றாள். அறுபது வயதைத் தாண்டிய பெண், இன்னும் எங்கள் இருவரையும் டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறாள். போனை வைத்துவிட்டு அழுதேன். அழுது முடித்ததும் என்னவோ பெருமையாக இருந்தது. ரெஜினாவோடு வேலை பார்த்தவள் நான் என்ற பெருமை.

அறுபதுகளின் கடைசியில், கல்மண்டபத்துக்கு அருகே ஒரு தொடக்கப் பள்ளியில், நாங்கள் இருவரும் நான்காம் வகுப்பின் இரண்டு பிரிவுகளுக்கு ஆசிரியைகள். இதைப் படிக்கும் உங்களில் பலர் அங்கே எங்களிடம் படித்தவர்கள்தான். சுகாதாரப் பாடத்தை நான் நடத்திய லட்சணம் உங்களுக்கே தெரியும். அந்த நேரத்தில் கணக்கு நோட்டு திருத்துவேன். "பல் தேய்க்கச் சொல்லிக் கொடுக்க ஒரு பீரியடா?" என்று ரெஜினாவைக் கிண்டல் செய்வேன். "கணக்குல தப்பு வந்தா அழிச்சுட்டு எழுதலாம் சரோஜா. வயித்தால போற புள்ளைய என்ன பண்ணுவே?" என்பாள்.

தினமும் காலையில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி நகம் பார்ப்பாள். நகம் கறுப்பாக இருந்தால் வரிசையை விட்டு வெளியே. கஸ்தூரியை அப்படி இரண்டு நாள் நிறுத்தினாள். மூன்றாம் நாள் கஸ்தூரி வரவில்லை. ஒரு வாரம் கழித்து அவளுடைய அம்மா முனியம்மா வந்து, எல்லோர் முன்னாலும் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். துறைமுகத்து யார்டில் நிலக்கரி சலிக்கும் கைகள்.

"இது கலீஜ் இல்ல டீச்சர், கரி. எவ்ளோ சோப்பு போட்டாலும் போவாது. காலைல எங்கூட சலிச்சுட்டுத்தான் அது இஸ்கூலுக்கு வருது. இனிமே வராது."

நானாக இருந்தால் சட்டம் பேசியிருப்பேன். ரெஜினா அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டாள். "தப்பு எம்மேலதான். அழுக்குக்கும் கரிக்கும் வித்தியாசம் தெரியாம பாடம் நடத்திட்டேன். பொண்ணை அனுப்பும்மா" என்றாள்.

மறுநாள் கஸ்தூரி வந்தாள். அன்று முதல் வழக்கமும் மாறியது. பிள்ளைகள் கை காட்டுவதற்கு முன்னால் ரெஜினா தன் கையை நீட்டுவாள். தினம் ஒரு பிள்ளை அதைத் திருப்பிப் பார்த்து, "பாஸ், டீச்சர்" என்று சொல்ல வேண்டும். சாக்பீஸ் தூள் ஒட்டியிருந்தால் பாஸ் கிடையாது, போய்க் கழுவிவிட்டு வருவாள். முதல் நாள் பார்த்தவள் கஸ்தூரி. தலைமையாசிரியர் முகம் சுளித்தார். நானும் சிரித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அந்த மழைக்காலத்தில் காலரா வந்தது. பள்ளியை மூடினார்கள். முனியம்மாவின் சந்திலிருந்து இருவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். ஆனாலும் ஊசி போட வந்தவர்களைக் கண்டதும் எல்லா வீட்டிலும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஊசி போட்டால் காய்ச்சல் வரும், இரண்டு நாள் வேலைக்குப் போக முடியாது என்ற பயம். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் அந்தக் கதவுகளுக்குப் பின்னால்தான் இருந்தார்கள்.

ரெஜினா என்னையும் இழுத்துக்கொண்டு அங்கே போனாள். பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. சந்தின் நடுவில் நின்று, முதலில் தன் கையை நீட்டி ஊசி போட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரம் யாரும் வரவில்லை. பிறகு முனியம்மா கதவைத் திறந்து, மகளையும் கூட்டிக்கொண்டு வந்தாள். "டீச்சரே போட்டுகினாங்க, நமக்கு இன்னா?" என்று கையை நீட்டினாள். அவளுக்குப் பின்னால் அந்தச் சந்தே வரிசையில் நின்றது. ஊசி என்றாலே நடுங்கும் நானும் நின்றேன்.

பள்ளி மறுபடி திறந்த அன்று, எங்கள் இரண்டு வகுப்பிலும் பெயர் கூப்பிட்டபோது எல்லாப் பிள்ளைகளும் "உள்ளேன்" என்றார்கள். ரெஜினா என் மேசைக்கு வந்து, "இப்போ சொல்லு, இதுக்கு ஒரு பீரியடா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு சுகாதார வேளையில் நான் கணக்கு நோட்டைத் தொட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை ரெஜினா பெட்டிக்குள் கிடந்தாள், விரல்களில் செபமாலை. கஸ்தூரி குனிந்து அந்தக் கையை மெல்லத் திருப்பி, ஒவ்வொரு நகமாகப் பார்த்தாள். "பாஸ், டீச்சர்" என்றாள். சுற்றி நின்ற பழைய மாணவர்கள் அழுதுகொண்டே சிரித்தார்கள்.

ரெஜினாவின் படமோ கடிதமோ என்னிடம் இல்லை. கொள்ளுப் பேத்தியைச் சாப்பிடக் கூப்பிட்டால், அவள் கையைப் பார்க்கும் முன் என் கையை நீட்டுகிறேன். அது ரெஜினாவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது. நேற்று அந்தக் குட்டி என் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, பாஸ் இல்லை என்றாள். எழுந்து போய்க் கழுவிவிட்டு வந்தேன்.