லூர்துராணி கேட்ட கேள்வி

லீட்ஸ் நகரத்தில் அந்த வீட்டுக்காரி கதவைப் பாதிதான் திறந்தாள். வெளியே மழை. லூர்துராணி தன் பெயரைச் சொன்னதும் அவள் முகம் மாறியது.

"மிஸ் லூர்து என்றால் பிரெஞ்சுக்காரி என்று நினைத்தேன். இந்தியர்களுக்கு இங்கே இடமில்லை."

"ஆறு மாச வாடகை முன்பணம் கட்டியிருக்கே!"

"முன்பணமா? நீங்களே வந்து தருவீர்கள் என்றுதான் உங்கள் ஏஜெண்ட் எழுதினார்."

கதவு சாத்தப்பட்டது. லூர்துராணி பெட்டியோடு மழையில் நின்றாள். அழுகை வரவில்லை. நிறத்தைப் பார்த்துக் கதவைச் சாத்தியவள்மேல் வந்த கோபம் ஒரு பங்கு என்றால், திருச்சியில் உட்கார்ந்துகொண்டு தன்னை இங்கே அனுப்பிவைத்தவன்மேல் வந்தது மூன்று பங்கு.

அவள் பாலக்கரைக்காரி. பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் விஞ்ஞானம் கற்றுக்கொடுத்து வந்தாள். ஆசிரியர் பயிற்சி டிப்ளமாவுக்காக 1936-இல் சீமைக்குப் போக இடம் கிடைத்தபோது, மாதா கோயிலில் பழக்கமான ஞானாதிக்கம்தான் ஓடிவந்தார். கண்டோன்மெண்டில் கப்பல் டிக்கெட் ஏஜெண்டாக இருந்தவர் அவர். "நம்ம ஜனம், நான் பார்த்துக்கிறேன்" என்றார். அறை, வாடகை, துணிமணி எல்லாவற்றுக்கும் சேர்த்து வாங்கிக்கொண்டார். அம்மா பாக்கியமேரி காசுமாலையை அடகு வைத்துக் கொடுத்த பணம் அது. அதில் வெயிலுக்குப் போடும் தொப்பி ஒன்றும் அடக்கம். லீட்ஸில் வெயில் எங்கே இருக்கிறது?

அன்று சாயங்காலம் வரை ஐந்தாறு வீடுகளில் கேட்டாள். கடைசியில் தையல்கடை வைத்திருந்த ஒரு யூத விதவை மாடியறையைக் கொடுத்தாள். "எங்களுக்கும் இங்கே பல கதவுகள் திறக்காது" என்று மட்டும் சொன்னாள், அவ்வளவுதான்.

அந்த வருஷம் முழுக்க லூர்துராணி வயிற்றைக் கட்டிப் படித்தாள். அறையில் கணப்பு எரிய, சுவரிலிருந்த காஸ் பெட்டியில் சில்லறை போட வேண்டும்; போடப்போட விழுங்கும். அதனால் இரவு எட்டு மணிவரை கல்லூரி நூல்நிலையத்தில் உட்கார்ந்து படிப்பாள். சனிக்கிழமை கடை கட்டும் நேரத்தில் மார்க்கெட்டுக்குப் போனால் காய்கறி பாதி விலை. பழைய துணிக்கடையில் வாங்கிய கம்பளிக் கோட்டு, ஞானாதிக்கம் விற்ற சட்டைகளைவிட நன்றாக உழைத்தது. அவருக்கு மூன்று கடிதம் எழுதினாள். ஒன்றுக்கும் பதில் இல்லை.

டிப்ளமாவோடு திரும்பி வந்த மாதமே, சீமை செல்லும் மாணவர்களுக்கு ஞானாதிக்கம் ஆலோசனை சொல்கிறார் என்று தெப்பக்குளத்துக்குப் பக்கத்து மண்டபத்தில் ஒரு கூட்டம். லூர்துராணி போய் முன்வரிசையில் உட்கார்ந்தாள்.

"லண்டன்ல இறங்கினா போதும், மத்ததெல்லாம் தயாரா இருக்கும்" என்று அவர் பேசிக்கொண்டிருந்தார். லூர்துராணி எழுந்தாள்.

"ஒரே ஒரு கேள்வி. வரப்போறவங்க இந்தியர்னு வீட்டுக்காரங்களுக்கு எழுதுறீங்களா?"

அவர் சிரிக்கப் பார்த்தார். "தாயி, பொம்பளைங்க தனியாப் போனா சில சிரமம் வரத்தான் செய்யும்..."

"நான் பொம்பளைன்னு யாரும் கதவைச் சாத்தலை. இந்தியர்னு எழுதுறீங்களா, இல்லையா? எங்கிட்ட வாங்கின வாடகை எங்கே போச்சு?"

பின்வரிசையிலிருந்து ஸ்ரீரங்கத்துப் பள்ளி வாத்தியார் சௌரிராஜன் எழுந்தார். "என் தம்பி சடகோபனுக்கும் எடின்பரோவில ரூம் போட்டாச்சுன்னு பணம் வாங்கிண்டேளே. வீட்டுக்காரி பேர் என்ன, சொல்லுங்கோ?"

ஞானாதிக்கம் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தாரே தவிர, பெயர் வரவில்லை. அன்றே நான்கைந்து பேர் அவர் ஆபீசுக்கு நேரே போய் உட்கார்ந்து பணத்தைத் திரும்ப வாங்கினார்கள். லூர்துராணியிடம் மட்டும் "ரசீது இருக்கா?" என்று கேட்டார். உறவுக்காரர் போலப் பழகியவரிடம் ரசீது கேட்கத் தோன்றாதது அவள் தப்பாகிவிட்டது. சில மாதத்தில் அவர் மதுரைக்குப் போய் வேறு பெயரில் கடை திறந்தார்.

பொதுவிடத்தில் கத்தினாள் என்று பள்ளித் தலைமையாசிரியை கூப்பிட்டுக் கண்டித்தார். மன்னிப்பு எழுதிக் கொடுக்கச் சொன்னார். "திருடினவரை ஒருத்தரும் கேட்கலை. கேட்டவளா மன்னிப்பு எழுதணும்?" என்று லூர்துராணி எழுந்து வந்துவிட்டாள். அந்த வருஷச் சம்பள உயர்வு அவளுக்கு வரவில்லை.

சௌரிராஜன் தம்பியை அழைத்துக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தார். "பணம் கட்டறதுக்கு முன்னாடி நீங்களே வீட்டுக்காரிக்கு எழுதுங்க. இந்தியன், கறுப்பு நிறம், மரக்கறி சாப்பாடு, இடம் உண்டான்னு கேளுங்க" என்றாள் லூர்துராணி.

சடகோபனுக்கு முகம் சிவந்தது. "நம்மை நாமே ஏன் தாழ்த்திக்கணும்?"

"தாழ்வு நமக்கு இல்லை, தம்பி. எழுத வைக்கிறாங்களே, அவங்களுக்குத்தான். எனக்கும் வயிறு எரியுது. ஆனா உங்க பெட்டி மழையில நிக்க வேண்டாம்."

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு அவள் மேஜையிலேயே எழுதினான். ஐந்து வீடுகளிலிருந்து மறுப்பு வந்தது. ஆறாவது வீட்டுக்காரி, இடம் இருக்கிறது, ஆனால் மரக்கறி சமைக்கத் தெரியாது, வந்து சொல்லிக்கொடுக்கட்டும் என்று எழுதியிருந்தாள். 1938-இல் சடகோபன் கப்பலேறினான்.