ஓடும் படிக்கட்டில் என் மகள்

போன வாரம் துடியலூர் சந்தையில் ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏனுங்கக்கா, லண்டனெல்லாம் போயிட்டு வந்தீங்களாமா! என்னென்ன பார்த்தீங்க?"

மணிக்கூண்டு பார்த்தேன், பாலம் பார்த்தேன் என்றேன். அவளுக்குப் பரம திருப்தி. மிச்சமெல்லாம் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டே சொல்கிற சங்கதியா?

உங்களிடம் சொல்கிறேன். மூன்றாங்கிளாஸோடு நின்றவள் எழுத்துக் கூட்டி இந்தப் பத்திரிகையில் எழுதுவதை இத்தனை வாரமாகப் பொறுத்துக்கொண்டவர்கள் நீங்கள்.

மகளை லண்டனுக்குக் கட்டிக்கொடுத்து மூன்று வருஷம். நான் ஊர் திரும்புவதற்கு முந்தின நாள், மாப்பிள்ளை லீவு போட்டு எங்கள் இருவரையும் சுற்றிக்காட்டக் கூட்டிப்போனார். கழுத்தில் கேமரா, கையில் மேப். முன்னால் அவர், பின்னால் நாங்கள். எங்கள் வழக்கத்தில் மாமியார் மாப்பிள்ளையிடம் நேருக்கு நேர் பேசுவதில்லை – மகள்தான் நடுவில் தபால்காரி.

மணிக்கூண்டை அண்ணாந்து பார்த்தேன். திரும்பினால்... மகளும் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறாள்!

"ஏங்கண்ணு, நீ இங்க வந்ததே இல்லியா?"

"எங்கேம்மா... நேரமே இருக்கறதில்ல."

மூன்று வருஷமாகவா?

அப்புறம் பாதாள ரயில். அதற்கு இறங்க, ஓடுகிற படிக்கட்டு. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு காலை வைத்துவிட்டேன். கிணற்றுப் படி இறங்கின கால் இது, பயமென்ன? பாதி தூரத்தில் திரும்பினால் மகளைக் காணோம். மேலேயே நிற்கிறாள். காலை நீட்டுவதும் இழுத்துக்கொள்வதுமாக.

கோயமுத்தூரில் காலேஜ் படிக்கையில் மொபெட்டில் பறந்தவள். டவுன் பஸ்ஸில் இடித்தவனைச் செருப்பைக் கழற்றிக்கொண்டு கேட்டவள்.

மாப்பிள்ளை கீழேயிருந்து சிரித்தார். "பாருங்க அத்தை, உங்க பொண்ணை! வெளிய கூட்டியாந்தா இப்படித்தான் மானத்தை வாங்குவா. அதுக்குத்தானுங்க, ஊட்டுலயே இருன்னு சொல்லிப்போடறது."

முன்பின் தெரியாத வெள்ளைக்காரி ஒருத்திதான் அவளைக் கைபிடித்து இறக்கிவிட்டாள்.

ரயிலை விட்டு மேலே வந்ததும், வழக்கமாவது ஒன்றாவது என்று நேராகவே கேட்டுவிட்டேன். "ஏனுங்க மாப்பிள்ளை, அவளைத் தனியா எங்கயும் அனுப்பறதில்லீங்களா?"

"அங்க பாருங்க அத்தை, பாலம்! கப்பல் வந்தா ரெண்டாப் பொளந்துக்கும்."

கேள்வி கேட்டால் பாலத்தைக் காட்டுகிறார்! ஊர் சுற்றிக்காட்டுவதில் இப்படியும் ஒரு சௌகரியம் இருக்கிறது. விரல் நீட்டுகிற பக்கம்தானே எல்லாரும் பார்ப்போம்?

பாலம் முழுசாக விழவேண்டும் என்று அவர் கேமராவோடு வெகுதூரம் பின்னால் போனார். அன்றைக்கு நாங்கள் இருவர் மட்டும் நின்றது அங்கேதான்.

"எங்கூட ஊட்டுக்கு வந்துரு அம்மணி. ஆரு என்ன பேசுனாலும் நான் பார்த்துக்கறேன்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. கேமராவையே பார்த்தாள்.

"பாஸ்போர்ட்ட அவரு பூட்டி வெச்சிருக்காரும்மா." குரல் இறங்கிப்போயிற்று. "சிரிங்கம்மா... போட்டோ எடுக்கறாரு."

மறுநாள் நான் மட்டும்தான் விமானம் ஏறினேன்.

நேற்று போட்டோ வந்தது. பாலம் துளி அசங்காமல் விழுந்திருக்கிறது. மகளும் சிரிக்கிறாள். என் முந்தானை நுனி மட்டும் அவள் கைக்குள் கசங்கிக் கிடக்கிறது. பார்த்தவர்கள் எல்லாரும் சொல்லிவைத்தாற்போல, "உங்க பொண்ணு குடுத்து வெச்சவங்க" என்கிறார்கள்.

உண்மைதான்... என் புண்ணியத்தில் ஒருநாள் அவளும் லண்டன் பார்த்துவிட்டாள்.