அடுத்த தெருக் குழாய்

ஒத்தக்கடையில் மைக் செட் என்றால் சின்னக்கருப்பன். முப்பத்தோரு வருடம். காதுகுத்தோ கருமாதியோ, அவர் கட்டிய குழாய் ஒலிபெருக்கி நடுவில் நின்றதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் ஆவணியில் கல்லூரி ஆசிரியர் இம்மானுவேல் அவரைக் கூப்பிட்டார். போரை நிறுத்தச் சொல்லும் இயக்கத்துக்காக ஒரு கச்சேரி. இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. சின்ன மண்டபம், எண்பது நாற்காலி. சின்னக்கருப்பன் நான்கு ஸ்பீக்கர் பெட்டிகளை இறக்கினார்.

"மைக் கிடையாதுண்ணே. வெறும் கம்பிச் சத்தந்தான். லைட்டும் ஜெனரேட்டரும் போதும்."

"என்ன சார், கருமாதிக்கே ரெண்டு குழாய் கட்டுறோம்!"

பெட்டிகளைத் திரும்ப ஏற்றினார். ஜெனரேட்டரைக் கட்டடத்துக்குப் பின்னால் தள்ளி வைத்தார். முனகிய மூன்று மின்விசிறிகளை நிறுத்தினார்.

ஐந்தரைக்கு வாசிப்பு தொடங்கியது. அதே நிமிடம் அடுத்த தெருவிலிருந்து சினிமாப் பாட்டு சுவரை அதிர வைத்தது. செல்லோக்காரப் பெண்ணின் கை அசைந்தது; சத்தம் கேட்கவில்லை. இம்மானுவேல் திரும்பிப் பார்த்தார்.

அந்தக் குழாய் சின்னக்கருப்பனுடையதுதான். வயசுக்கு வந்த பெண்ணின் சடங்கு வீட்டுக்குக் காலையில் அவரே கட்டியது. "மேலூர் வரைக்கும் கேக்கும்" என்று வாக்கும் கொடுத்திருந்தார். மைக் இல்லாத கச்சேரிக்கு அடுத்த தெரு இடைஞ்சலாகும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

"நிப்பாட்டிட்டு வாரேன் சார்."

பந்தல் வாசலில் சடங்குப் பெண்ணின் தாய்மாமன் அழகுமலை சீர்த்தட்டோடு நின்றான்.

"மாப்ள, ஒரு மணி நேரம் பாட்டு வேண்டாம்."

"சீர் இறங்குற நேரத்துலயா? உங்க வாயாலயா மாமா இது?"

"தெருவுல பொணம் போனா நிறுத்துவோம்ல. அந்தக் கணக்குதான்."

அழகுமலையின் முகம் கறுத்தது. "சடங்கு வீட்ல வந்து பேசுற பேச்சா? யாரு செத்தது?"

"சண்டையில செத்த பச்சப்புள்ளைக. அதுகளுக்குத்தான் அங்கன வாசிக்கிறாக."

"பொணம் தெருவத் தாண்டப் பத்து நிமிசம். எதுக்கு ஒரு மணி நேரம்?"

"ஒண்ணு ரெண்டா மாப்ள? கூட்டம் அம்புட்டு."

அழகுமலை தட்டைக் கீழே வைத்தான். "பேச்சிமுத்து, நிறுத்துடா."

மைக் செட் அருகில் இருந்த பேச்சிமுத்து முதலாளியைப் பார்த்தான். அவர் தலையசைத்தார். நிறுத்தினான்.

சின்னக்கருப்பன் மண்டப வாசலுக்கு வந்தபோது செல்லோவின் அடிக்கம்பி கதவு வரை கேட்டது. "கணீர்னு இருக்கு சார்" என்றார், தானே கட்டியதுபோல. ஆறரைக்குப் போய்ப் பாட்டைப் போட்டார், முன்பைவிடச் சத்தம் கூட்டி.

இந்தத் தையில் சின்னக்கருப்பனின் பாடை அதே தெரு வழியாகப் போனது. வழியில் ஒரு கல்யாணப் பந்தல். குழாய் சாவுக்கு முந்தின நாள் அவரே கட்டியது. பேச்சிமுத்து முன்னால் ஓடி நிறுத்தினான். சுடுகாட்டுக்குப் போகாமல் பெண்கள் திரும்பும் தெருமுனையில் மகள் தமிழ்வாணி நின்றாள். ஆலைகளில் இரைச்சல் அளப்பது அவள் வேலை. பாடை கண்ணுக்கு மறையும்வரை ஒரு சத்தமும் இல்லை.

"போட்டு விடுங்கண்ணே," என்றாள் பேச்சிமுத்துவிடம். "மேலூர் வரைக்கும் கேக்கணும்."