வாசித்தேன் என்று எழுதிய கட்டு

இது நடந்தது. நம்ப மனமில்லாதவர்கள் இந்த வரியோடு எழும்பிப் போகலாம். பேய் வர நடுச்சாமமும் புளியமரமும் வேண்டும் என்பவர்களும் போகலாம். இது நடந்தது 1927 ஜூலை 16, சனிக்கிழமை, மண்டை பிளக்கும் மத்தியான வெயிலில், மன்னாரில் ஒரு அரசாங்கக் கந்தோரில். எந்தக் கந்தோர் என்று மட்டும் கேட்கவேண்டாம்.

அந்தக் கந்தோரின் பழைய பத்திர அறைக்கு அமிர்தநாயகம் பதினொரு வருடம் பொறுப்பாக இருந்தவர். அன்று அவருக்குக் கடைசி நாள். திங்கட்கிழமை முதல் பள்ளிக்கூடத்தில் சரித்திர ஆசிரியர். ஆசைப்பட்டுக் காத்திருந்து கிடைத்த வேலை. மனுசனுக்குக் கால் நிலத்தில் படவில்லை.

பழைய பத்திரக் கட்டுகளை எரிப்பதற்கு ஒரு ஒழுங்கு இருந்தது. கட்டை அவிழ்த்து, தாள் தாளாக வாசித்து, ‘வாசித்தேன், தேவையில்லை’ என்று பட்டியலில் எழுதிக் கையெழுத்து வைக்கவேண்டும். யார் அவிழ்த்தார்கள்? கட்டுகளில் தொங்கும் அட்டையைப் பார்த்து எழுதித் தள்ளுவதுதான் வழக்கம். அமிர்தநாயகமும் வியாழக்கிழமை முப்பத்திரண்டு கட்டுகளுக்குக் கால் மணி நேரத்தில் எழுதி முடித்தார். பிள்ளைகளுக்குச் சரித்திரம் சொல்லிக் கொடுக்கப் போகிறவர், அதை வாசிக்காமலே கொளுத்தக் கொடுத்தார். நினைக்க நினைக்க எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சனிக்கிழமை அரைநாள். ஒரு மணிக்கு எல்லோரும் போய்விட்டார்கள். பெரிய கிளாக்கர் அருளப்பு மட்டும், சாப்பிட்டுவிட்டு மண்ணெண்ணெயோடு வருவதாகச் சொல்லிப் போனார். அமிர்தநாயகம் எரிக்கவேண்டிய கட்டுகளைத் தனியாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

மணி 1.10. பத்தொன்பதாம் கட்டின் நாடா அவிழ்ந்து கிடந்தது. இறுக்கிக் கட்டினார்.

1.22. மறுபடி அவிழ்ந்து கிடந்தது. தன் முடிச்சையே திட்டிக்கொண்டு, இரட்டை முடிச்சாகப் போட்டார்.

1.30. தொண்டை வறண்டது. மூலையில் இருந்த மண்குடத்தைச் சரித்தார். காலையில் அவரே நிரப்பி வைத்த குடம்... ஒரு சொட்டு இல்லை. குடத்தில் வெடிப்பு இல்லை. நிலம் காய்ந்து கிடந்தது. தண்ணீர் குடிக்கும் பேணியின் விளிம்பு மட்டும் ஈரம்.

கதவு மூடிக்கொண்டது. காற்றே இல்லை. இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.

திரும்பினார். பத்தொன்பதாம் கட்டு மேசையில் விரிந்து கிடந்தது.

முதல் தாள் இங்கிலீஷில் இருந்தது. கோப்பித் தோட்டத்துக்கென்று அக்கரை இந்தியாவிலிருந்து வள்ளத்தில் கொண்டுவந்து இறக்கிய கூலிகள். மலைநாட்டுக்கு நடக்கவிட்டிருக்கிறார்கள். முருங்கன் பாதையில் வாந்திபேதி. செத்தவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.

அடுத்த தாள் தமிழில் இருந்தது. அந்த அறையில் தமிழ்த் தாளை அவர் கண்டதே இல்லை. முத்தன். மருதாயி. குப்பன். குப்பன் மகன், வயது நாலு...

1.41. காதோரத்தில் ஒரு காய்ந்த குரல்.

“வாசிச்சியா?”

அறையில் யாருமில்லை.

“வாசிச்சேன்னு எழுதினியே.” இது ஒரு பெண்ணின் குரல். அழுகை இல்லை. அடக்கிய கோபம்.

அமிர்தநாயகம் தாளைக் கையில் எடுத்தார்.

“சத்தமா வாசி.”

வாசித்தார்.

ஒரு பெயர்... முதுகுக்குப் பின்னால் ஒரு பெருமூச்சு.

அடுத்த பெயர்... அடுத்த மூச்சு.

அவர் திரும்பவில்லை.

பதினாறு தாள்.

2.24. கடைசிப் பெயர். கதவு தானாகத் திறந்தது.

வாசலில் அருளப்பு, கையில் மண்ணெண்ணெய்ப் போத்தலோடு நின்றார்.

“ஐயா, இந்தக் கட்டை எரிக்கேலாது. செத்த சனத்தின்ர பேர் கிடக்கு,” என்றார் அமிர்தநாயகம்.

“நீங்கள்தானே வாசிச்சனான் எண்டு எழுதினியள்?”

“பொய்யா எழுதிப்போட்டன். இப்பதான் வாசிச்சனான்.”

“கையெழுத்து வைச்சாச்சு. இனிக் கதைக்க ஒண்டுமில்லை, அமிர்தம். விடுங்கோ.”

அருளப்பு கட்டைப் பறித்துக்கொண்டு போய் முற்றத்தில் போட்டுக் கொளுத்தினார். அமிர்தநாயகத்துக்கு அவரைக் கழுத்தைப் பிடித்து நெரிக்கலாம் போல ஆத்திரம் வந்தது. பட்டியலில் தன் கையெழுத்தைப் பார்த்தபோது அந்த ஆத்திரம் முழுவதும் தன் மேலேயே திரும்பியது.

அன்று பின்னேரம் பள்ளிமுனையில், தன் வீட்டில் இருந்து, இருநூற்றுப் பன்னிரண்டு பெயர்களையும் நினைவிலிருந்தே கொப்பியில் எழுதினார். ஒன்றும் தப்பவில்லை. திங்கட்கிழமை வகுப்பில் பாடப் புத்தகத்தைத் திறக்காமல் அந்தப் பெயர்களைத்தான் முதலில் வாசித்தார். அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் முதல் பாடம் அதுதான்.

பதினொரு வருடம் கழித்து, 1938இல், பள்ளி விடுமுறைக்குக் கொழும்புக்குப் போனார். அந்தக் கட்டின் நகல் அங்கே ஒரு கந்தோரில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, கேட்டு வாங்கிப் பார்த்தார். அதே இங்கிலீஷ் தாள். அதன் பின்பக்கத்தில், கட்டை முதன்முதலில் கட்டியவர் எழுதிய குறிப்பு இருந்தது.

“செத்தவர்கள் 212. பெயர்கள் யாரும் கேட்டு எழுதவில்லை. கட்டு 19இல் உள்ள தாள்: ஒன்று.”