எனிட் கருதினால் கருதியதுதான்

கேக்கின் நெற்றியைச் சுட்டுவிரலால் அழுத்திவிட்டு, பள்ளம் மேலெழுகிறதா என்று காய்ச்சல்காரப் பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார் எனிட் மெட்காஃப். பிறகு வாயில் ஒரு துணுக்கு. அந்த ருசியைக் கழுவ ஒரு மடக்குத் தண்ணீர். அவ்வளவுதான். தீர்ப்புச் சொன்ன பண்டத்தை அவர் இரண்டாம் முறை தொட்டதில்லை. "பசிக்குத் திங்கிறவ நடுவரா வரக்கூடாது" என்பார்.

யார்க்‌ஷயரில் தார்ன்பெக் கிராமத்துக் கோடைக் கண்காட்சிக்கு, ஜாமுக்கும் கேக்குக்கும் அவர்தான் நடுவர். அவர் நாக்கில் குடியிருக்கும் ஆங்கில வினைச்சொல் ஒன்று: "டீம்". பந்தாடும் கூட்டமல்ல; சட்டப் புத்தகத்துச் சரக்கு. நம் பத்திரங்களில் "கருதப்படும்" என்று எழுதுகிறார்களே, அதுதான். நினைப்பது வேறு, நினைப்பை மாற்றிக்கொள்ளலாம். கருதிவிட்டாலோ, பொருள் என்னவாக இருந்தாலும் சொன்னபடி ஆகித் தொலைக்க வேண்டும்.

வீட்டிலும் இதே சட்டம். ஆறிப்போன தேநீர் "சூடா இருக்கிறதா கருதப்படும்". கணவர் வில்ஃப் ஆசையாய் வளர்த்த தாடி "இல்லைன்னு கருதப்படும்". அந்தக் குளிர்காலம் முழுக்க மனிதர் முகத்தை மப்ளருக்குள் வைத்துக்கொண்டு திரிந்தார். ஒரு ஞாயிறு தேவாலய வாசலில் மழை பிடித்துக்கொண்டது. "இது மழைன்னு கருதப்படாது" என்றார் எனிட். பாதிரியார் குடையை மடக்கிவிட்டார். நனையாமல்தான் வீடு போய்ச் சேர்ந்தார் என்று ஊரே சத்தியம் செய்யும்.

இந்த ஆண்டு ஆண்களுக்கென்று ஒரு கேக் போட்டி. இரண்டு அடுக்கு, நடுவில் ராஸ்பெர்ரி ஜாம், மேலே சர்க்கரைத் தூவல், வேறெதுவும் கூடாது. செய்தவர் பெயர் கவிழ்த்த அட்டையில் இருக்கும். முதல் கேக்கில் கிரீம். "போட்டிக்கே வரலைன்னு கருதப்படும்." இரண்டாவதில் ஸ்ட்ராபெர்ரி ஜாம். அதற்கும் அதே கதி.

மூன்றாவது நன்றாக உப்பியிருந்தது. துணுக்கு வாயில் போனதும் எனிட்டின் புருவம் லேசாக உயர்ந்தது. ஆனால் மேற்பரப்பில், கேக்கை ஆறவைத்த கம்பித்தட்டின் தடம் கோடு கோடாக. அதில் ஒரு கோடு முழங்கை மாதிரி வளைந்திருந்தது.

அந்த முழங்கை அவருக்குத் தெரியும். போன கிறிஸ்துமஸுக்கு வில்ஃப் கவனிக்காமல் உட்கார்ந்து வளைத்த தட்டு. சில நாளாகச் சமையலறையில் காணவில்லை. "தொலையலைன்னு கருதப்படும்" என்று அவரே தீர்ப்பும் சொல்லியிருந்தார். கல்யாணமான நாள்முதல் வில்ஃப் கை பட்ட எதையும் அவர் நன்றாயிருக்கிறது என்று சொன்னதில்லை. இது ஊரறிந்த சங்கதி.

பரிசு அட்டை வைக்கும் பெரில் பக்கத்தில் வந்து கிசுகிசுத்தாள். "மிச்சம் இது ஒண்ணுதாண்டி. முதல் பரிசைக் குடுத்துடேன். பாவம், கைய வேற சுட்டுக்கிட்டாராம்."

"யாருன்னு நான் கேக்கல. நீயும் சொல்லல."

"கோடு யாரு கண்ணுக்குத் தெரியப் போகுது?"

"என் கண்ணுக்கு. முதல் பரிசு கிடையாது. ரெண்டாவதும் கிடையாது. மூணாவது பரிசு அட்டைய வை."

போட்டிக் கூடாரத்தை ஊராருக்குத் திறந்துவிட்டதும் முதல் ஆளாக வில்ஃப் வந்தார், தொப்பியைக் கையில் பிடித்தபடி. மூன்றாம் பரிசின் மஞ்சள் அட்டையைப் பார்த்தார். காது மடல் சிவந்தது.

"நடுவரம்மா ரொம்பக் கறார் போல" என்றார் பெரிலிடம்.

"வீட்டுல எப்படியோ?"

"வீட்டுல இதைவிட மோசம்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனிட் சிரிக்கவில்லை. "ஆறவைக்கும்போது தட்டு மேல துணி விரிக்கணும்" என்றார்.

"சரி எனிட்." தொப்பியை இரண்டு சுற்றுச் சுற்றினார். "ருசி?"

கூடாரத்தில் சிரிப்பு நின்றது. எப்படிக் கருதப்படும் என்று கேட்க எல்லோரும் எனிட்டின் வாயையே பார்த்தார்கள்.

அவர் கத்தியை எடுத்தார். துணுக்கல்ல, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, நின்றபடியே, கடைசித் தூள்வரை நிதானமாகத் தின்றார். பெரில் தண்ணீர்க் குவளையை நீட்டினாள். எனிட் அதைப் புறங்கையால் தள்ளி வைத்தார்.