டாக்குத்தரின் கணக்கில் நான் குதிரை

அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறேன். இனி வேலை போய்விடும் என்ற பயமில்லை; பிறஷர் குளிசைக்கு இந்த நாட்டு அரசாங்கம் பணம் கட்டும் நீல மருந்துச்சீட்டை எடுக்க, இன்று எங்கள் பகுதி ரொம்மன் கிளினிக்குக்குப் போனேன். பெருமைக்குச் சொல்லவில்லை, என்னைக் கண்டதும் கிளினிக்கே எழுந்து நின்றது.

டாக்குத்தர் நம் தமிழ்ப் பிள்ளை. கொம்பியூட்டரைப் பார்த்துச் சிரித்தாள்.

"அங்கிள், இதிலை உங்களுக்குப் பிறஷரே இல்லை. வருசா வருசம் வேலைக்கான செக்கப்பிலை 'நான் குதிரை மாதிரி' எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

வேலைக்காக மறைத்ததையும், பத்து வருடமாக ஊரிலிருந்து வருபவர்களின் சூட்கேசில் குளிசை வரும் கதையையும் சொன்னேன். அளந்து பார்த்தாள். பிறஷர் சரியாக இருந்தது.

"அது ஊர்க் குளிசையின்ரை கெட்டித்தனம், பிள்ளை!"

"அப்ப அதின்ரை பேரைச் சொல்லுங்கோ."

பாரம் குறைய மட்டையிலிருந்து உரித்து, போத்தலில் போட்டல்லவா கொண்டுவருகிறார்கள்! பெயருக்கு எங்கே போவேன்? மிச்சம் நாலு குளிசை. இருப்புக்கொள்ளவில்லை.

என் போத்தலிலிருந்து வாங்கிப் போட்ட மற்றக் குதிரைகளே, பெயர் தெரிந்தால் கீழே கொமெண்டில் எழுதுங்கள்.